வீடியோ காலில் இசை வாசிப்பவர்களுக்கு: ஒலி கெடாமல் அனுப்புவது எப்படி

வீடியோ காலில் பேசும்போது குரல் தெளிவாகத்தான் கேட்கிறது. அதே காலில் வீணையையோ கிதாரையோ எடுத்து வாசித்தால் எதிர்முனையில் இருப்பவர் முகத்தைச் சுளிக்கிறார். சுரங்கள் விட்டுவிட்டு வருகின்றன, சில காணாமலே போகின்றன, பலமாக வாசித்த இடமும் மெதுவாக வாசித்த இடமும் ஒரே அளவில் கேட்கின்றன. உடனே பெரும்பாலோர் நல்ல மைக் ஒன்றைத் தேடக் கிளம்பிவிடுவார்கள். அந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். உயர்ந்த மைக்கை மாட்டினாலும் இதே ஒலிதான் போய்ச் சேரும். இசையைக் கெடுப்பது மைக்குக்கு அடுத்து இருக்கும் மென்பொருள். அதைச் சரிசெய்யக் காசு செலவில்லை, பத்து நிமிடம் போதும்.

மென்பொருள் உங்கள் இசையை என்ன செய்கிறது

ஜூம், கூகுள் மீட், டீம்ஸ், வாட்ஸாப் எல்லாமே மனிதர்கள் பேசிக்கொள்வதற்காகக் கட்டப்பட்டவை. மைக்கில் விழும் ஒலி வெளியே போவதற்கு முன் மூன்று கட்டங்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

முதலாவது இரைச்சல் நீக்கம். ஃபேன், ஏசி போன்றவை ஒரே சீராக ஒலிப்பவை. பேச்சு அப்படி இருக்காது, ஏறி இறங்கி இடைவெளி விட்டுப் போகும். ஆகவே மாறாமல் நீடிக்கும் எதையும் இரைச்சல் என்று மென்பொருள் முடிவு கட்டிவிடும். சுருதிப்பெட்டியை ஓடவிட்டுச் சோதித்தால் இது நன்றாகத் தெரியும். முதல் சில நொடிகள் சுருதி கேட்கும், பிறகு தேய்ந்து மறையும். நீங்கள் பாட ஆரம்பித்ததும் குரலோடு சேர்ந்து திடீரென்று தலைகாட்டும், மூச்சு வாங்கும் இடத்தில் மறுபடி காணாமல் போகும். வீணையில் ஒரு தந்தியை மீட்டினால் அந்த மீட்டு மட்டும் போகிறது. பின்னால் வரும் கார்வையும் அதற்குள் இழைக்கிற கமகமும் வெட்டுப்படுகின்றன. இப்போது வருகிற இரைச்சல் நீக்கிகள் இன்னும் ஒரு படி மேலே போய், மனிதக் குரலை அடையாளம் கண்டு மற்றதையெல்லாம் அழிக்கப் பழக்கப்பட்டவை. அவற்றின் கணக்கில் மிருதங்கமும் பக்கத்து வீட்டுச் சுத்தியலும் ஒன்றுதான்.

இரண்டாவது, ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைப்பது. பேசுபவர் மைக்கை விட்டு நகர்ந்தால் அளவைக் கூட்டும், கத்தினால் குறைக்கும். பேச்சுக்கு இது நல்ல ஏற்பாடு. இசையில் பலமும் மென்மையும் நாம் வேண்டுமென்றே வைப்பவை, அவை தட்டையாகிவிடுகின்றன. உச்சத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தால் அடுத்து வரும் இரண்டு மூன்று சுரங்கள் அமுங்கிப்போவதும் இதனால்தான்.

மூன்றாவது எதிரொலி நீக்கம். உங்கள் ஸ்பீக்கரில் வரும் அடுத்தவர் குரல் உங்கள் மைக் வழியாக அவருக்கே திரும்பிப் போகாமல் தடுப்பது இதன் வேலை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒலி வந்தால் இது குழம்பி உங்கள் ஒலியை அமுக்கிவிடும். நீங்கள் வாசிக்கும்போது கேட்பவர் "ஆஹா" என்று சொன்னால், அந்த ஆஹா அளவுக்கு உங்கள் வாசிப்பில் ஒரு ஓட்டை விழும்.

இவற்றைத் தாண்டினால் பாதை அவ்வளவு மோசமில்லை. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. இன்று பல இணைய அழைப்புகளில் பயன்படும் ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறை, 2012இல் தரப்படுத்தப்பட்டபோதே பேச்சு, இசை இரண்டையும் மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது. 20,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகும். ஆகவே முதல் வேலை, நடுவில் நிற்கும் அந்த மூவரையும் விலக்குவது.

முதலில் செட்டிங்ஸ்

ஜூம்தான் இசைக்காரர்களுக்கு அதிகம் இடம் கொடுத்திருக்கிறது. கணினியில் செட்டிங்ஸைத் திறந்து ஆடியோ பகுதிக்குப் போங்கள். அங்கே ஆடியோ ப்ரொஃபைல் என்ற இடத்தில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் கீழே மூன்று கட்டங்கள் தெரியும். 'ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோட்' என்பதை டிக் செய்யுங்கள். ஒலியின் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸுக்கும் (நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது), ஒற்றைத் தடத்தில் நொடிக்கு 96 கிலோபிட், ஸ்டீரியோவில் 192 கிலோபிட் என்ற அளவுக்கும் உயர்த்துவது இதுதான். 'எக்கோ கேன்சலேஷன்' டிக்கை எடுத்துவிடுங்கள், ஆனால் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தால் மட்டும். உங்களிடம் ஸ்டீரியோ மைக் இருந்தால் மட்டும் 'ஸ்டீரியோ'வை டிக் செய்யுங்கள். ஒரே மைக் வைத்திருப்பவருக்கு அதனால் பயனில்லை.

அப்புறம், 'ஆட்டோமேட்டிகலி அட்ஜஸ்ட் மைக்ரோஃபோன் வால்யூம்' என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். பலர் இதை மறந்துவிட்டு, எல்லாம் செய்தும் ஒலி ஏறி இறங்குகிறதே என்று தவிப்பார்கள்.

இவ்வளவு செய்தும் வேலை முடியவில்லை. மீட்டிங்குக்குள் போனதும் திரையின் மேல் மூலையில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். அது 'ஆன்' என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். செயலியின் பதிப்பு மாறும்போது பட்டனின் இடம் நகரலாம், பெயர் பெரும்பாலும் மாறாது.

டீம்ஸில் சாதனங்களுக்கான செட்டிங்ஸில் 'ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோட்' இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் அழைப்பின்போது ஒரு இசைக்குறி ஐகான் தெரியும், அதைத் தட்ட வேண்டும். கூகுள் மீட்டில் ஆடியோ செட்டிங்ஸில் இருக்கும் 'நாய்ஸ் கேன்சலேஷன்' வசதியை அணையுங்கள். ஐஃபோனில் அழைப்பு நடக்கும்போதே கன்ட்ரோல் சென்டரைத் திறந்தால், செயலி அனுமதித்தால், 'மைக் மோட்' தெரியும். அதில் 'வாய்ஸ் ஐசொலேஷன்' இசைக்கு ஆகாது. 'வைட் ஸ்பெக்ட்ரம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேக் கணினியிலும் இதே தேர்வு மேல் பட்டையில் வரும்.

விண்டோஸ்காரர்களுக்கு இரண்டு கூடுதல் வேலைகள். மைக்கின் பண்புகளில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' இருந்தால் அணையுங்கள். லேப்டாப் தயாரிப்பாளர் தன் பங்குக்கு ஒரு இரைச்சல் நீக்கியைப் போட்டு அனுப்பியிருந்தால் அதையும் அணையுங்கள். சவுண்ட் பெட்டியில் 'கம்யூனிகேஷன்ஸ்' என்ற பகுதிக்குப் போய் 'டூ நத்திங்' என்று வையுங்கள். இல்லாவிட்டால் அழைப்பு வந்ததும் மற்ற ஒலிகளை விண்டோஸ் தானாகவே 80 சதவீதம் குறைத்துவிடும். கணினியில் ஓடவிட்ட தம்புராவோ பின்னணி இசையோ திடீரென்று முனகத் தொடங்கும்.

ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். இந்த மாற்றமெல்லாம் வாசிப்பவரின் பக்கம் நடக்க வேண்டியவை. கேட்பவர் என்ன திருகினாலும் இங்கே வெட்டுப்பட்ட ஒலியை அங்கே ஒட்ட முடியாது. இசை ஆசிரியராக இருந்தால், மாணவரின் கணினியிலும் இதையெல்லாம் ஒருமுறை உட்கார்ந்து மாற்றிக் கொடுத்துவிடுங்கள். மாணவரின் கமகம் சரியில்லையா, அவருடைய செட்டிங்ஸ் சரியில்லையா என்று தெரியாமல் பாடம் நடத்துவது இருவருக்கும் சோதனை.

ஹெட்ஃபோன்: வயர் உள்ளது

எதிரொலி நீக்கத்தை அணைத்த பிறகு ஸ்பீக்கரில் கேட்டால், எதிர்முனையில் பேசுபவருக்குத் தன் குரலே திரும்பி வரும். அதனால் ஹெட்ஃபோன் வேண்டும். சாதாரண வயர் இயர்ஃபோன் போதும், ப்ளூடூத் மட்டும் வேண்டாம். ப்ளூடூத் ஹெட்செட்டின் மைக் வேலை செய்யத் தொடங்கிய அந்த நொடியே அது இசைக்கான நிலையை விட்டுப் பேச்சுக்கான நிலைக்கு இறங்கிவிடும். நீங்கள் கேட்பதும் மங்கிப்போகும், அனுப்புவதும் மங்கிப்போகும். போதாததற்கு, ஒலி காதுக்கு வந்து சேரவே தாமதமாகும்.

ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசிக்கப் பிடிக்காதவர்கள் உண்டு. வயலின்காரர்களுக்குத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே வயர் சிக்குவது பெரிய எரிச்சல். நீங்கள் மட்டும் வாசிக்கிற நிகழ்ச்சி என்றால் ஒரு சுலபமான வழி இருக்கிறது: வாசிக்கும் நேரத்தில் ஸ்பீக்கரின் ஒலியைப் பூஜ்யத்துக்குக் குறைத்துவிடுங்கள். கைதட்டலைத் திரையில் பார்த்துக்கொள்ளலாம்.

மைக்கை எங்கே வைப்பது

இருக்கிற மைக்கிலேயே ஒலியைப் பெரிதும் மாற்றுவது அது நிற்கும் இடம். காது விரும்புகிற தூரமும் மைக் விரும்புகிற தூரமும் வேறு வேறு.

அறையிலிருந்து தொடங்குவோம். ஃபேனை அணையுங்கள். அதன் ஓசையைவிட அது கிளப்பும் காற்று மைக்கில் மோதுவதுதான் பெரிய தொல்லை. பிறகு அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ஓசை உடனே நின்றால் நல்லது. 'ட்ரிங்' என்று ஒரு உலோக ஓசை தொடர்ந்தால் வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். திரைச்சீலை, புத்தக அலமாரி, மெத்தை, துணிகள் இருக்கும் அறை இசைக்கு நல்லது. மைக்குக்கு எதிரே, அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால், தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டாலே வித்தியாசம் தெரியும். சுவரை ஒட்டி உட்காராதீர்கள். மூலையில் உட்கார்ந்தால் கீழ்ச்சுருதி ஒலிகள் வீங்கிக் கேட்கும்.

லேப்டாப்பின் சொந்த மைக்கைப் பயன்படுத்துவதென்றால் அதை வாத்தியம் வைத்திருக்கும் மேசையிலோ தரையிலோ வைக்காதீர்கள். தட்டும் அதிர்வு நேரே ஏறிவிடும். தனியாக ஒரு ஸ்டூலில் வாத்தியத்தின் உயரத்துக்கு வையுங்கள். பல வீடுகளில் லேப்டாப்பைவிடக் கையில் இருக்கும் போனின் மைக் நன்றாக இருக்கும், அதையும் முயன்று பாருங்கள்.

கிதாரின் ஒலித்துளைக்கு நேரே மைக்கை நீட்டுவது வழக்கமான தவறு. அங்கே கும்மென்ற கீழ் ஒலிதான் கொட்டும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தை, 12ஆவது ஃப்ரெட் பக்கமாக, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பார்த்தால் தந்தியின் தெளிவும் உடலின் கனமும் சேர்ந்து வரும். வயலினுக்கு நெருக்கம் ஆகாது, வில்லின் உராய்வு மட்டும் பெரிதாகக் கேட்கும். அரை மீட்டருக்கு மேல் தள்ளி, மேலிருந்து கீழ்நோக்கி வையுங்கள். புல்லாங்குழலில் ஊதும் துளைக்கு நேரே வைத்தால் காற்றுதான் போகும், சற்று மேலே பக்கவாட்டில் நகர்த்துங்கள். மிருதங்கம் போன்ற இருபக்க வாத்தியத்துக்கோ தபலா ஜோடிக்கோ ஒரே மைக் என்றால் இரண்டு முகத்துக்கும் நடுவே முன்னால் அரை மீட்டரில் தொடங்கி, எந்தப் பக்கம் குறைவாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். நிமிர்ந்த பியானோவின் மேல்மூடியைத் திறந்து மேலிருந்து பிடிப்பது சுலபம்.

பாடுபவர்கள் ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் சற்று ஓரமாக மைக்கை வைத்தால் ப, ட போன்ற எழுத்துகளின் வெடிப்பு குறையும். பெரும்பாலான மைக்குகளில் மிக அருகே போனால் கீழ் ஒலிகள் கூடும், மேல்ஸ்தாயியில் பின்வாங்கினால் மெலியும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தலையை நகர்த்தியே ஆளத் தெரிந்தவர்களுக்கு மைக் ஒரு துணை வாத்தியம்.

சுருதிப்பெட்டி மைக்குக்குப் பின்னால் இருக்கட்டும். முன்னால் இருந்தால் பாட்டைவிடச் சுருதி பெரிதாகிவிடும்.

ஒலி அளவு

நிகழ்ச்சியில் மிகப் பலமாக வாசிக்கப்போகும் இடத்தை இப்போதே வாசியுங்கள். ஜூமின் மைக் சோதனையில் பட்டை ஏறுவதைக் கவனித்து, அந்த உச்சத்தில் முக்கால் பங்கைத் தொடுமாறு இன்புட் அளவை வையுங்கள். பதிவு மென்பொருளில் பார்ப்பவர்கள் உச்சம் −12 முதல் −6 டெசிபலுக்குள் நிற்குமாறு வைத்தால் போதும். பட்டை கடைசி வரை போய் முட்டினால் ஒலி கரகரக்கும், அதை எந்த முனையிலும் திருத்த முடியாது. குறைவாக இருந்தால் கேட்பவர் தன் பக்கம் கூட்டிக்கொள்ளலாம். மேடையில் ஏறியதும் சோதனையில் வாசித்ததைவிட எல்லாரும் பலமாகத்தான் வாசிப்பார்கள், காமிராவுக்கு முன்னாலும் அப்படித்தான். அதற்கும் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள்.

நெட்

இசைக்கு வேகம் அதிகம் தேவையில்லை. நொடிக்கு 96 கிலோபிட் என்பது வீடியோ எடுத்துக்கொள்வதில் ஒரு சிறு பங்கு. ஒலித்துண்டுகள் சீராகப் போய்ச் சேராததுதான் சிக்கல். வைஃபையில் அவை முன்பின்னாக வரும், சில தொலையும், மென்பொருள் அந்த ஓட்டைகளை இழுத்து ஒட்டப்பார்க்கும். ஒரு சுரம் இயந்திரக் குரலில் நீண்டு கேட்டால் காரணம் இதுதான். லேன் கேபிளை ரூட்டரில் நேராகச் செருகுங்கள். முடியாவிட்டால் ரூட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். கோப்புகளை இணையச் சேமிப்புக்கு (க்ளவுட்) ஏற்றும் செயலிகளை நிறுத்துங்கள். அப்படியும் தடுமாறினால் ஹெச்டி வீடியோவை அணைத்துவிடுங்கள்.

இப்போது வேண்டுமானால் மைக் வாங்கலாம்

இதுவரை சொன்னதைச் செய்த பிறகு மைக்கின் தரம் உண்மையிலேயே கேட்கும். தனியாகப் பாடுபவருக்கும் ஒற்றை வாத்தியக்காரருக்கும் கணினியில் நேராகச் செருகும் யூஎஸ்பி கண்டென்சர் மைக் (மின்சாரம் கிடைத்தால் வேலை செய்யும் வகை) ஒன்று போதும். பாட்டும் வாத்தியமும் தனித்தனி மைக்கில் வேண்டும் என்றால், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) அதில் மூன்று முள் வயரால் செருகும் எக்ஸ்எல்ஆர் மைக்குகளும் தேவை. எக்ஸ்எல்ஆர் மைக் கண்டென்சர் வகை என்றால் அதற்கு மின்சாரம் கொடுக்க இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பட்டனை அழுத்த வேண்டும். புது மைக் பேசவே இல்லை என்று பதறுபவர்கள் முதலில் அதைப் பாருங்கள். கீபோர்டு, எலெக்ட்ரிக் கிதார் போன்றவற்றை இன்டர்ஃபேஸில் நேராகச் செருகலாம், அறையின் எதிரொலித் தொல்லையே இல்லை. கணினியிலும் இன்டர்ஃபேஸிலும் 48 கிலோஹெர்ட்ஸ் என்று ஒரே அளவை வையுங்கள். இரண்டும் வேறுபட்டால் சில நேரம் பட் பட் என்று வெடிப்பு கேட்கும்.

நீங்கள் கேட்பதும் அவர்கள் கேட்பதும்

உங்கள் ஹெட்ஃபோனில் கேட்பது அங்கே போய்ச் சேர்ந்த ஒலி இல்லை. உங்கள் கணினியிலேயே செய்யும் பதிவை வைத்தும் முடிவுக்கு வரக்கூடாது, அதிலுள்ள உங்கள் ஒலி நெட்டைக் கடந்து வந்ததில்லை. இன்னொரு வீட்டில் இருக்கும் நண்பரை அழைத்து, ஹெட்ஃபோனில் கேட்டு அவர் பக்கம் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். அவரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். நீண்ட கார்வை ஒன்று, மிக மெதுவாக ஒரு வரி, மிகப் பலமாக ஒரு வரி, கொஞ்ச நேரம் சுருதி மட்டும் என்று வாசித்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பதிவில் கேளுங்கள். எது கெட்டிருக்கிறதோ அதைக் கொண்டே எந்த அமைப்பு இன்னும் அணையவில்லை என்று சொல்லிவிடலாம்.

நண்பர் கிடைக்காவிட்டால் போனில் இன்னொரு கணக்கு வழியாக அதே மீட்டிங்கில் சேருங்கள். போனின் மைக்கை மியூட் செய்து, வேறு அறையில் வீட்டில் ஒருவரை ஹெட்ஃபோனோடு உட்கார வையுங்கள். இரண்டும் ஒரே அறையில் ஸ்பீக்கரோடு ஓடினால் வீல் என்று அலறும்.

சேர்ந்து வாசிக்க முடியுமா?

வீடியோ காலில் முடியாது. செட்டிங்ஸை எப்படி மாற்றினாலும் முடியாது.

காற்றில் ஒலி ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். ஒரே மேடையில் சில மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர்களுக்கு இடையே அவ்வளவு தாமதம்தான். தாமதம் 25, 30 மில்லிசெகண்டைத் தாண்டினால் தாளம் இழுக்கத் தொடங்கும். வீடியோ காலில் ஒரு பக்கத்துக்கு 150 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் தாளம் போடுகிறார். ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 600 மில்லிசெகண்ட். அவர் கை மாணவரை எட்ட 150, மாணவரின் வாசிப்பு திரும்பி வர 150, ஆக 300. மாணவர் அச்சுப் பிசகாமல் வாசித்தும் ஆசிரியர் காதில் சரியாக அரை அடி தள்ளி விழுகிறது. ஆசிரியர் அதற்கேற்ப மெதுவாக்குவார், மாணவர் இன்னும் மெதுவாக்குவார், ஒரு ஆவர்த்தனத்துக்குள் பாட்டு நின்றே போகும்.

ஆகவே மாணவர் வாசிக்கும்போது தாளமும் மெட்ரோனோமும் மாணவரின் பக்கமே ஓட வேண்டும். ஆசிரியர் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், அது எளிதில்லை என்றாலும். பாடத்தில் ஆசிரியர் ஒரு வரி, நின்று மாணவர் ஒரு வரி என்று போவதில் சிக்கலில்லை. கூடவே வாசித்துப் பழக வேண்டும் என்றால் மாணவர் தன் மைக்கை மியூட் செய்துவிட்டு ஆசிரியரோடு சேர்ந்துகொள்ளலாம். பின்னணி இசையோடு பாடுவதென்றால் அந்த இசை பாடுபவரின் கணினியிலிருந்தே வர வேண்டும். ஜூமில் 'ஷேர் சவுண்ட்' மூலம் அனுப்பினால் மைக் வழியாகப் பிடிப்பதைவிடச் சுத்தமாக இருக்கும்.

உண்மையாகவே ஒரே நேரத்தில் வாசிக்க ஜாமுலஸ், ஜாக்ட்ரிப், சோனோபஸ் போன்ற ஒலிக்கு மட்டுமான மென்பொருள்கள் இருக்கின்றன. ஜாக்ட்ரிப் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கணினி இசை ஆய்வு மையத்தில் உருவானது. இவற்றுக்கு லேன் கேபிள், வயர் ஹெட்ஃபோன், நல்ல இன்டர்ஃபேஸ் மூன்றும் கட்டாயம். அப்போதும் தூரம் ஒரு வரம்புதான். கண்ணாடி இழையில் 1000 கிலோமீட்டர் போக ஒளிக்கே 5 மில்லிசெகண்ட் ஆகும், வழியில் உள்ள கருவிகளின் தாமதம் தனி. சில நூறு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் முயலலாம், கண்டம் விட்டுக் கண்டம் வேண்டாம்.

கேட்பவர்களுக்கு ஒரு வரி

அழைப்பு இணைப்பை அனுப்பும்போதே ஹெட்ஃபோனில் கேட்கச் சொல்லுங்கள். போன், லேப்டாப் ஸ்பீக்கர்களில் கீழ் ஒலிகள் கிட்டத்தட்ட வருவதே இல்லை. மிருதங்கத்தின் இடது பக்கமும் பேஸ் கிதாரும் அவர்களுக்குக் கேட்கவே கேட்காது, நீங்கள் இங்கே என்ன பாடுபட்டாலும். எல்லாரையும் மியூட்டில் வையுங்கள். நுழையும்போதே மியூட் ஆகும்படி மீட்டிங் நடத்துபவர் ஒரு டிக் போட்டுவிடலாம்.

முக்கியமான நிகழ்ச்சி என்றால் வாத்தியத்துக்கு அருகே இன்னொரு போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, அந்தப் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நடுவில் நெட் சொதப்பினாலும் முழு வாசிப்பு உங்களிடம் இருக்கும், கேட்டவர்களுக்கு மறுநாள் அனுப்பிவிடலாம்.